எல்லா சார்ஜும் குற்றப்பத்திரிகை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 31 ஆண்டுகள் குற்றவியல் நீதிமன்றங்களில் வேலை பார்த்து, தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவன் நான். ‘சார்ஜ்’ என்கிற ஒரே ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அந்தச் சொல்லைத் தமிழில் தவறாக எழுதியதால் என் அக்கா வீட்டில் ஒரு கல்யாணம் நின்றுபோனது.

அக்கா மகன் வருவாய்த் துறையில் உதவியாளர். பட்டா மாறுதல் மனுக்கள் சிலவற்றை உரிய காலத்தில் மேலே அனுப்பவில்லை என்று அவனுக்கு 17(ஆ)-வின் கீழ் சார்ஜ் மெமோ கொடுத்தார்கள். அரசு ஊழியர் வீடுகளில் இது தெரிந்த விஷயம். தமிழ்நாடு குடிமைப் பணி ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளில் சிறிய தண்டனைக்கு 17(அ), பெரிய தண்டனைக்கு 17(ஆ). துறைக்குள் நடக்கிற விசாரணை. காவல் நிலையத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ‘வருவாய்த் துறை ஊழியர் மீது குற்றப்பத்திரிகை’ என்று செய்தி வந்தது. எந்த நாளிதழ் என்று நான் எழுதவில்லை. இந்தப் பிழை எல்லா நாளிதழ்களிலும் வருகிறது.

அவன் தங்கைக்கு அப்போதுதான் பூ வைத்து முடித்திருந்தோம். மறுநாளே மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன். “போலீஸ் கேஸ் இருக்கறதை எங்ககிட்ட சொல்லலையே?” மெமோவை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு நானே நேரில் போனேன். பையனின் அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். இதில் குற்ற எண் இல்லை, காவல் நிலையத்தின் பெயர் இல்லை, எந்த நீதிமன்றத்தின் முத்திரையும் இல்லை, பாருங்கள் என்று காட்டினேன். அவர் முதல் இணைப்பில் விரலை வைத்தார். “சார்ஜ்னு போட்டிருக்கே சார்.” அதற்கு மேல் நான் சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நாள் முழுக்க நாம் புழங்குகிற சொல் அது. போனில் சார்ஜ் இல்லை, பஸ் சார்ஜ் கூடிவிட்டது, புது தாசில்தார் சார்ஜ் எடுத்துவிட்டாரா, ஊர்வலத்தில் லத்தி சார்ஜ். ஒவ்வொரு இடத்திலும் பொருள் வேறு. ஆனால் வேர் ஒன்றுதான். லத்தீனில் கார்ரஸ் என்றால் வண்டி. வண்டியில் பாரம் ஏற்றுவதைச் சொல்லும் வினை பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து சார்ஜ் ஆனது. கப்பல் சரக்கைச் சொல்கிற கார்கோவும் அதே குடும்பம். துப்பாக்கியில் மருந்து ஏற்றினாலும், பேட்டரியில் மின்சாரம் ஏற்றினாலும், ஒருவர் கணக்கில் பணத்தை ஏற்றினாலும், தலையில் பழியை ஏற்றினாலும் ஆங்கிலேயருக்கு சார்ஜ்தான்.

தமிழும் இதே வழியில்தான் போகிறது என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம். நாமும் குற்றம் ‘சுமத்துகிறோம்’. பொறுப்பு என்கிற சொல்லே பொறுத்தல், அதாவது தாங்குதல் என்பதிலிருந்து வந்தது. ‘போனுக்கு சார்ஜ் ஏத்து’ என்று பேத்தி சொல்லும்போது, வண்டியில் நெல் மூட்டை ஏற்றுகிற அதே வினையைத்தான் சொல்கிறாள். ஆனால் தமிழில் ஒவ்வொரு சுமைக்கும் தனிப் பெயர் இருக்கிறது. கட்டணம், மின்னேற்றம், பொறுப்பு, தடியடி, குற்றச்சாட்டு. இவ்வளவு தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிற மொழியில், செய்தி எழுதும்போது ஏன் எல்லாவற்றையும் மறுபடி ஒன்றாகக் குழப்ப வேண்டும்?

ஆங்கிலத்திலேயே இந்தச் சொல்லைப் பிள்ளைகள் தடுமாறித்தான் எழுதுகிறார்கள். பேத்தியின் நோட்டில் ‘சார்ஜ்டு ஃபார் தெஃப்ட்’ என்று இருந்தது. ‘சார்ஜ்டு வித் தெஃப்ட்’ என்று எழுத வேண்டும். ‘ஃபார்’ போட்டால் கட்டணம் வாங்கிய பொருள் வந்துவிடும். ‘அக்யூஸ்டு’ என்றால் அடுத்து ‘ஆஃப்’. அப்புறம், ‘இன் சார்ஜ் ஆஃப்’ என்றால் பொறுப்பில் இருப்பவர். நடுவில் ஒரு ‘த’ சேர்த்து ‘இன் த சார்ஜ் ஆஃப்’ என்றால், அடுத்தவர் பொறுப்பில் விடப்பட்டவர். நர்ஸ் யார், குழந்தை யார் என்பதே மாறிவிடும். பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் கொடுப்பதை ஆங்கிலத்தில் ஃபேர் என்பார்கள்.

நீதிமன்றத்துக்கு வருகிறேன். போலீஸார் புலன்விசாரணையை முடித்துத் தாக்கல் செய்வதுதான் சார்ஜ் ஷீட், அதாவது குற்றப்பத்திரிகை. நாங்கள் இறுதி அறிக்கை என்போம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 193. அதில் இருப்பது போலீஸாரின் முடிவு, நீதிமன்றத்தின் முடிவு இல்லை. அதைக் கோப்புக்கு எடுத்து, எதிரிக்கு நகல் கொடுத்து (குற்றம் சாட்டப்பட்டவரை நீதிமன்றத் தமிழில் எதிரி என்போம்), இரண்டு தரப்பையும் கேட்டு, முகாந்திரம் இருக்கிறது என்று நடுவர் கருதினால்தான் ‘சார்ஜ்’. குற்றச்சாட்டு வனைதல் என்று அதற்குப் பெயர்.

நடுவர் சொல்ல, அந்தக் குற்றச்சாட்டை எத்தனையோ பேருக்கு நான் படித்துக் காட்டியிருக்கிறேன். “ஒப்புக்கொள்கிறீர்களா?” என்று கேட்டதும் கூண்டில் நிற்பவர் முதலில் தன் வக்கீலைத்தான் பார்ப்பார். ஒரு பெரியவர் கையிலிருந்த துண்டைக் கம்பியில் போட்டுவிட்டு, “புரியலீங்கய்யா, இன்னொரு தடவை மெதுவா சொல்லுங்க” என்றார். நடுவர் தலையசைத்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். ஒரு மனிதன் மேல் சட்டம் முறையாகச் சுமை ஏற்றுகிற நேரம் அது. செய்தியில் இதையும் குற்றப்பத்திரிகை தாக்கலையும் ஒன்றாக எழுதிவிடுகிறார்கள். இடையில் ஆண்டுக்கணக்கில்கூட ஆகலாம்.

முகாந்திரம் இல்லையென்றால் டிஸ்சார்ஜ். ஏற்ற வந்த சுமையை அங்கேயே இறக்கி, சாட்சி விசாரணை தொடங்குவதற்கு முன்பே வழக்கிலிருந்து விடுவிப்பது. சாட்சிகளை விசாரித்து முடித்து, குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்புச் சொல்லி விடுவது விடுதலை. ஜாமீனில் வெளியே வருவது முற்றிலும் வேறு, வழக்கு அப்படியேதான் இருக்கிறது. நாளிதழில் இந்த மூன்றுமே ‘விடுதலை’ என்று வருவதை நானே படித்திருக்கிறேன்.

உங்கள் செய்தியாளர்களிடம் நான் கேட்பது இதுதான். சார்ஜ் என்று யாராவது சொன்னால், கொடுத்தது யார் என்று ஒரு கேள்வி கேளுங்கள். துறை கொடுத்திருந்தால் குற்றச்சாட்டு குறிப்பாணை, அல்லது துறை நடவடிக்கை என்று எழுதுங்கள். போலீஸ் தாக்கல் செய்திருந்தால் குற்றப்பத்திரிகை. நீதிமன்றம் வனைந்திருந்தால் அதைச் சொல்லுங்கள். விடுவித்தால், முதல் செய்தி வந்த அதே பக்கத்தில் அதையும் போடுங்கள்.

அக்கா மகன் மீதான குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்று 14 மாதம் கழித்து ஆணை வந்தது. அது எந்த நாளிதழிலும் வரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் அதற்குள் வேறு இடத்தில் கல்யாணத்தை முடித்துவிட்டார்கள். அந்தச் செய்தித் துண்டை அக்கா தூக்கிப் போடவில்லை. ஆணையின் நகலை அதனுடன் சேர்த்துப் பின் குத்தி, பீரோவில் வைத்திருக்கிறார். மகளை அடுத்து யார் பெண் பார்க்க வந்தாலும் இரண்டையும் எடுத்துக் காட்ட வேண்டும் என்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்றத் தலைமை எழுத்தர்,
மன்னார்குடி.