ரிப்போர்ட் பட்டனோடு நின்றுவிடக் கூடாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சம்மதமில்லாமல் அந்தரங்கப் படங்கள் பரப்பப்படுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, "உடனே ரிப்போர்ட் செய்யுங்கள், 1930-ஐ அழையுங்கள்" என்று முடிந்துவிட்டது. பாதிக்கப்பட்டவருக்குத் தேவைப்படுவதெல்லாம் அதற்கு அப்பால்தான் இருக்கிறது.

1930 முக்கியமாகப் பண மோசடிக்கான எண். படத்தைக் காட்டி மிரட்டிப் பணம் பிடுங்கியிருந்தால், போன பணத்தை முடக்க அதைத்தான் உடனே அழைக்க வேண்டும். பணம் கைமாறாதபோது போக வேண்டிய இடம் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கான பிரிவு. அங்கே பெயர் சொல்லாமலும் புகார் தரலாம். ஆனால் அப்படித் தந்த புகார் என்ன ஆயிற்று என்று பிறகு பார்க்க முடியாது. வழக்கு நடத்தும் எண்ணம் இருந்தால் பெயரோடு பதிவதே நல்லது.

செயலியில் மூன்று புள்ளியைத் தொட்டுச் செய்யும் ரிப்போர்ட்டை நிறுவனம் தன் சொந்த விதிப்படி பார்க்கிறது. பதற்றத்தில் பலர் 'ஸ்பேம்' என்று அழுத்திவிடுகிறார்கள். புகார் வேறு பக்கம் போய்விடுகிறது. நிர்வாணம் என்ற தலைப்புக்குள் போய், அந்தரங்கப் படத்தைப் பகிர்வது அல்லது பகிர்வதாக மிரட்டுவது என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நண்பர்கள் ஐம்பது பேரைக் கூட்டி ரிப்போர்ட் அடிக்கச் சொல்வது வேண்டாத வேலை. ஐம்பது பேருக்கும் லிங்க் போய்ச் சேர்வதுதான் மிச்சம்.

சட்டப்படியான புகார் வேறு. பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் இன்னொருவரோ புகார் தந்தால், அந்தரங்க உறுப்பு, நிர்வாணம், பாலுறவு ஆகியவற்றைக் காட்டும் படத்தை 24 மணி நேரத்தில் நீக்க வேண்டும் என்றது 2021-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகளின் 3(2)(பி). மார்ஃபிங் செய்த படமும் இதில் அடக்கம். 2026 பிப்ரவரித் திருத்தம் அந்தக் கெடுவை 2 மணி நேரமாகக் குறைத்தது. குறைதீர்ப்பு அலுவலரின் பெயர், தொடர்பு விவரங்களை ஒவ்வொரு நிறுவனமும் தன் தளத்தில் வெளியிட்டாக வேண்டும். அவருக்கு நாலு வரி போதும்: படத்தில் இருப்பது நான், வெளியிட நான் சம்மதிக்கவில்லை, விதி 3(2)(பி)-இன் கீழ் நீக்குங்கள், லிங்க்குகள் இவை. படத்தை இணைக்க வேண்டாம். பதிலில் வரும் புகார் எண்ணைப் பத்திரமாக வையுங்கள். நீக்க மறுத்தால், 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவிடம் போக அது வேண்டும்.

லிங்க் என்றால் அந்தப் பதிவின் லிங்க். ப்ரொஃபைல் லிங்க் போதாது. டெலிகிராம் சேனல்கள் பெயரை மாற்றிக்கொண்டே இருக்கும். அதனால் பதிவை அழுத்தி 'காப்பி லிங்க்' எடுங்கள். கடைசியில் பதிவின் எண் இருக்கும். ஸ்கிரீன்ஷாட்டில் லிங்க், தேதி, நேரம் மூன்றும் தெரிய வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த படமென்றால், அனுப்பியவரின் பெயரைத் தொட்டு, எண் தெரியும் பக்கத்தையும் தனியாக எடுங்கள். அவமானம் தாங்காமல் சாட்டை அழிப்பதும் கணக்கை மூடுவதும்தான் வழக்குகளைக் கெடுக்கின்றன. நீதிமன்றத்தில் மின்னணு ஆவணத்துக்குத் தரும் 63-ஆம் பிரிவுச் சான்றிதழில் ஹேஷ் மதிப்பை, அதாவது கோப்பிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் அடையாளக் குறியீட்டை, குறிப்பிட வேண்டும் என்கிறது புதிய சாட்சியச் சட்டம். எனவே படம் வந்த அதே போனை ரீசெட் செய்யாமல் வைத்திருங்கள். படத்தில் இருப்பவர் 18 வயதுக்குட்பட்டவர் என்றால் மட்டும் கதை வேறு. ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சேமிப்பதே சட்டச் சிக்கலாகும். லிங்க்கை எழுதிக்கொண்டு நேராகக் காவல்துறையிடம் கொடுங்கள்.

இன்னும் பரவாத படத்தைத் தடுக்க 2021 டிசம்பரில் வந்தது ஸ்டாப் என்சிஐஐ என்ற இணையதளம். 18 வயது தாண்டியவர்களுக்கானது. சிறாருக்கு 'டேக் இட் டவுன்' தனியாக இருக்கிறது. படம் உங்கள் போனை விட்டு வெளியே போவதில்லை. அதன் கைரேகை போன்ற ஹேஷ் மட்டும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக், ரெட்டிட் முதலான தளங்களுக்குப் போகிறது; அதோடு ஒத்துப்போகும் படத்தை அவை தடுக்கும். கிடைக்கும் பின் எண்ணைத் தொலைத்தால் மீட்க முடியாது, எழுதி வையுங்கள்.

இதன் ஓட்டைகளை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை. புகைப்படங்களுக்கு அது பயன்படுத்தும் பிடிக்யூ முறை, அளவு சுருங்கினாலும் தரம் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடும். பெரிதாகக் கத்தரித்தாலோ திருப்பிப் போட்டாலோ தவறிவிடும். வீடியோக்களுக்கு எம்டி5 என்ற வேறு முறை; ஒரே ஒரு பைட் மாறினால் ஹேஷ் முழுவதும் மாறிவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது வீடியோ மறுபடி சுருக்கப்படுவதால், உங்களிடம் உள்ள கோப்பும் பரவும் கோப்பும் ஒன்றல்ல. ஆகவே ஒரே வீடியோவின் ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியாகச் சேர்க்க வேண்டும். என்க்ரிப்ட் செய்யப்பட்ட வாட்ஸ்அப் சாட்டுக்குள் இது எட்டாது. இந்த ஏற்பாட்டில் சேராத தளங்களிலும் செல்லாது.

செல்ஃபி என்றால் காப்புரிமை உங்களுடையது, அந்த வழியில் சீக்கிரம் நீக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அந்த நோட்டீஸில் உள்ள உங்கள் பெயரும் முகவரியும் பதிவேற்றியவன் கைக்கே போகக்கூடும். எவனென்று தெரியாத நிலையில் அது ஆபத்து.

நீக்கிய படம் வேறு லிங்க்கில் மறுபடி முளைப்பதுதான் பெரிய தலைவலி. 2025 ஜூலையில் ஒரு பெண் தொடுத்த வழக்கில், அவரது படங்களை 48 மணி நேரத்தில் நீக்கும்படி மத்திய அரசுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் பிறகும் அவை வேறு தளங்களில் தலைகாட்டின. ஒவ்வொரு முறையும் புது லிங்க்கைத் தேடித் தரும்படி பாதிக்கப்பட்டவரைத் தேடுபொறிகள் வற்புறுத்தக் கூடாது என்று 2023-லேயே டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தன் படத்தைத் தானே தேடிப் பார்த்துப் பட்டியல் போடுவது எவ்வளவு கொடுமை! கெடு 24 மணியா 2 மணியா என்பதைவிட, ஒருமுறை நீக்கியது மறுபடி ஏறாமல் தடுக்கும் பொறுப்பு யாருடையது என்பதுதான் இன்று கேட்க வேண்டிய கேள்வி. அது நிறுவனத்துடையது.

காவல் நிலையத்தில் "நீங்களே எடுத்து அனுப்பியதுதானே?" என்று கேட்டால், புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவு விளக்கத்தைக் காட்டுங்கள். எடுப்பதற்குச் சம்மதித்திருந்தாலும், மற்றவருக்குப் பரப்பச் சம்மதிக்காத பெண்ணின் படத்தைப் பரப்புவது குற்றமே; முதல் முறைக்கே குறைந்தது ஓராண்டுச் சிறை. "எங்கள் எல்லை இல்லை" என்றால், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவுப்படி எந்த நிலையத்திலும் புகாரைப் பதிந்தாக வேண்டும். மின்னஞ்சலில் அனுப்பினால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
சைபர் வழக்குகளைக் கவனிக்கும் வழக்கறிஞர்,
மதுரை