குறி எது என்று வினாத்தாளிலேயே சொல்லிவிடுங்கள்

மதிப்பிற்குரிய தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். கேரள-தமிழக எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். ஒளியியல் தாளில் வந்த, ஒளி அதிரும் விதத்தைக் கணக்கிடும் ஜோன்ஸ் அணிக் கணக்கு கிளப்பிய குழப்பம் தங்களுக்குத் தெரியும். மறுமதிப்பீட்டு மனுக்கள் எல்லாம் தங்கள் மேசைக்குத்தான் வந்தன.

என்னிடம் டியூஷன் படிக்கும் பெண்ணின் விடைத்தாள் நகல் கையில் இருக்கிறது. 45 பாகையில் தளவிளைவு அடைந்த (அந்தத் தளத்தில் மட்டும் அதிரும்) ஒளி, வேக அச்சு கிடையாக உள்ள கால் அலைத் தகட்டை, அதாவது செங்குத்து அதிர்வைக் கால் அலை பின்தங்க வைக்கும் தகட்டைக் கடந்தால் என்ன ஆகும் என்பது கேள்வி. விடைக்குறிப்பில் விடை அணியின் கீழ் உறுப்பு ‘ஐ’ (மைனஸ் ஒன்றின் வர்க்கமூலம்). அவள் எழுதியது ‘மைனஸ் ஐ’. அலையின் கட்டத்தில் (phase) காலத்துக்கு நேர்க்குறி, தூரத்துக்கு எதிர்க்குறி எடுத்துக்கொள்கிறேன் என்று முதல் வரியிலேயே சொல்லியிருக்கிறாள். அப்படி எடுத்தால் மைனஸ் ஐ தான் வரும். மாற்றி எடுத்தால் ஐ. இரண்டும் குறிப்பது ஒரே வட்டத் தளவிளைவு ஒளியைத்தான், அதாவது அதிர்வுத் திசை வட்டமாகச் சுழலும் ஒளியை. புத்தகத்துக்குப் புத்தகம் வழக்கம் மாறும் என்பது தாள் திருத்துகிறவருக்குத் தெரியாதா?

அடுத்த பகுதிதான் மனதை அறுக்கிறது. அதே ஒளி, ஒரு திசை அதிர்வை மட்டும் விடும் போலராய்டு வழியே போனால் செறிவு எவ்வளவு? பாதி என்று சரியாக எழுதினாள். ஐ போட்டாலும் மைனஸ் ஐ போட்டாலும் பாதிதான்; போலராய்டை எந்தக் கோணத்தில் திருப்பினாலும் பாதிதான். அதற்கும் பூஜ்யம்! ‘முந்தைய படி தவறு’ என்று சிவப்பு மையில் ஒரு குறிப்பு வேறு. கட்டணம் கட்டி மறுமதிப்பீடு கேட்டோம், ‘மாற்றமில்லை’ என்று ஒற்றைச் சொல்லில் பதில். எம்.எஸ்சி. சேர்க்கை அதற்காகக் காத்திருக்குமா?

குறியை வினாத்தாளில் சொல்லுங்கள், அல்லது இரண்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள். இதைத்தான் கேட்கிறோம்.

எல்லையில் இருக்கிறவர்களுக்கு மனு எழுதுவது பழகிப்போன வேலை. ஆழியாற்றுத் தண்ணீருக்கு மனு, தமிழில் படிவம் கேட்டு மனு, இப்போது ஒரு கழித்தல் குறிக்கும் மனு. அடுத்த ஆண்டு இடஞ்சுழியா வலஞ்சுழியா என்று கேட்டுவிடாதீர்கள் ஐயா. ஒளியை எதிர்கொண்டு பார்க்கும் ஒளியியல்காரருக்கு இடஞ்சுழியாக இருப்பது, அலை போகும் திசையில் பார்க்கும் ரேடியோ பொறியாளருக்கு வலஞ்சுழி. அதற்கும் ஒரு பக்கத்தைத்தான் திருத்துவீர்கள்.

கோபத்தில் கொஞ்சம் அதிகம் எழுதிவிட்டேன், பொறுத்தருளவும். அந்த ஒரு வினாவை மட்டும், இரு வழக்கங்களையும் ஏற்று, எல்லா விடைத்தாள்களிலும் மீண்டும் திருத்த உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எம்.எஸ்சி. சேர்க்கை முடிவதற்குள் செய்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு டியூஷன் ஆசிரியர்