முதலில் அந்தத் தண்ணீர்த் தாரையைப் பார்

அன்புள்ள மகளுக்கு,

படகு வாங்கிவிட்டேன் என்று நீ போனில் சொன்னபோது மகிழ்ச்சியில் எனக்குப் பேச்சே வரவில்லை. போனை வைத்த பிறகுதான், சொல்லியிருக்க வேண்டியவை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. படகின் பின்பக்கம் மாட்டும் அவுட்போர்டு மோட்டார் பழையது, 15 குதிரைத்திறன், ஃபோர் ஸ்ட்ரோக் என்றாய். அதற்கு வேண்டியதை மட்டும் எழுதுகிறேன். அதன் கையேட்டை எப்படியாவது தேடி எடுத்துப் படித்துவிடு. நான் சொல்வதும் அது சொல்வதும் மாறுபட்டால் கையேட்டின்படியே நட.

காருக்கு இருப்பதுபோல இந்த மோட்டாருக்கு ரேடியேட்டர் கிடையாது. தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் அடிப்பகுதியில் உள்ள துளைகள் வழியாகத் தண்ணீரை இழுத்து, எஞ்சின் வரை ஏற்றி, சூட்டோடு வெளியே தள்ளிவிடுகிறது. அதை ஏற்றுவது இம்பெல்லர் என்ற சின்ன ரப்பர்ச் சக்கரம். அந்தத் தண்ணீரில் ஒரு பகுதி மூடிக்குக் கீழே ஒரு சிறு துளை வழியாக மெல்லிய தாரையாகப் பீய்ச்சும். மோட்டாரை ஸ்டார்ட் செய்ததும் உன் கண் முதலில் போக வேண்டிய இடம் அதுதான். சில நொடிகளில் தாரை வராவிட்டால், மோட்டார் எவ்வளவு இனிமையாக ஓடினாலும் உடனே அணைத்துவிடு. பிறகு அந்தச் சிறு துளைக்குள் ஒரு துண்டுத் தூண்டில் நரம்பை விட்டுப் பார். பெரும்பாலும் மணலோ உப்போதான் அடைத்திருக்கும். அடியில் தண்ணீர் இழுக்கும் துளைகளைப் பாசியோ பிளாஸ்டிக் பையோ மூடியிருக்கிறதா என்றும் பார். இரண்டும் சுத்தமாக இருந்தால் குறை இம்பெல்லரில் இருக்கிறது என்று கொள்ளலாம்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். என் முதல் மோட்டாரைக் கரையில், தண்ணீர் இல்லாமலேயே, ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் ஓட்டினேன். மறுநாள் நடுத்தண்ணீரில் அது கொதித்து நின்றுவிட்டது. பம்பைத் திறந்தபோது இம்பெல்லரின் ஆறு இதழ்களில் மூன்று அடியோடு ஒடிந்திருந்தன. மிச்ச மூன்றும் ஒரே பக்கமாக வளைந்து, விரலால் நிமிர்த்தினாலும் நிமிராமல் விறைத்துக் கிடந்தன. அந்த ரப்பருக்குத் தண்ணீர்தான் எண்ணெய். அது இல்லாமல் உரசினால் கருகிவிடும். ஒடிந்த துண்டுகள் மேலே போய்த் தண்ணீர் வழியை அடைத்திருந்ததால், மூன்றையும் தேடி எடுத்த பிறகே புதிய இம்பெல்லரைப் போட முடிந்தது. உன்னுடைய இம்பெல்லரின் வயது நமக்குத் தெரியாது. ஆகவே ஓட்டத் தொடங்கும் முன்பே அதை மாற்றிவிடு.

ஃபோர் ஸ்ட்ரோக் என்பதால் பெட்ரோலில் ஆயில் கலக்கக் கூடாது. எஞ்சின் ஆயிலின் அளவைத் தினமும் அளவுகோலை உருவிப் பார். பெட்ரோல் டேங்கின் மூடியில் காற்றுத் திருகு ஒன்று இருக்கும். அதைத் திறக்க மறந்தால் மோட்டார் சிறிது தூரம் நன்றாக ஓடிவிட்டு மூச்சு முட்டினாற்போல் நின்றுவிடும். டேங்கிலிருந்து மோட்டாருக்குப் போகும் ஹோஸில் உள்ள ரப்பர்க் குமிழும் சப்பிப்போயிருக்கும். புதிதாக ஓட்டுபவர்கள் இதைப் பெரிய பழுது என்று நினைத்துப் பயந்துவிடுகிறார்கள். டேங்கைப் படகிலிருந்து இறக்கிக் கரையில் வைத்தே பெட்ரோல் நிரப்பு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. சிந்தினால் படகின் அடியில் தேங்கி நிற்கும்.

இனி நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்ளும் ஒன்று. மோட்டாரை நிறுத்தும் பொத்தானோடு சிவப்பு நிறச் சுருள் கயிறு ஒன்று இருக்கும். அதைக் கையிலோ மிதவைச் சட்டையிலோ மாட்டாமல் ஒரு முறைகூடக் கியர் போடாதே. நீ தவறி விழுந்தால் அந்தக் கயிறு இழுபட்டு மோட்டார் அணைந்துவிடும். கயிறு இல்லாவிட்டால், கைப்பிடியை விட்ட படகு தானாகத் திரும்பி, வட்டமடித்து, விழுந்தவர் மீதே புரொப்பெல்லரோடு வந்துவிடக்கூடும். கிட்டத்தான் போகிறோம், கரை தெரிகிறதே என்று நினைக்கும் நாளிலும் மாட்டிக்கொள், கண்ணு.

முன்னோக்கிப் போகும்போது நேரடியாக ரிவர்சுக்குத் தள்ளாதே; வேகத்தைக் குறைத்து, நியூட்ரலில் ஒரு கணம் நிறுத்திவிட்டு மாற்று. துடுப்பு எப்போதும் படகிலேயே இருக்கட்டும்.

உப்புத் தண்ணீரில் ஓட்டிய நாளில், கையேட்டில் சொன்னபடி நல்ல தண்ணீரால் பத்து நிமிடமாவது உள்ளே அலசிவிட்டு, மோட்டாரை நிமிர்த்தி நிறுத்தித் தண்ணீரை வடியவிடு. கழற்றிப் படுக்க வைப்பதானால் கையேடு காட்டும் பக்கமாகவே படுக்க வை. மாற்றிப் படுக்க வைத்தால் எஞ்சின் ஆயில் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். அடியில் பதித்திருக்கும் சாம்பல் நிற உலோகக் கட்டி, மற்ற பாகங்களுக்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்காகவே வைத்தது. பாதி கரைந்ததும் மாற்று. அதன்மேல் பெயின்ட் அடித்துவிடாதே.

இந்த வாரம் நீ செய்ய வேண்டியது, மோட்டாரின் அடியில் உள்ள கியர் பெட்டியின் ஆயிலைப் பார்ப்பது. புரொப்பெல்லரைக் கழற்றி, அச்சில் தூண்டில் நரம்பு சுற்றியிருந்தால் எடுத்துவிடு. தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கும் ‘சீல்’ என்ற ரப்பர் வளையத்தை அது அறுத்து, உள்ளே தண்ணீரை விட்டுவிடும். பிறகு கியர் பெட்டியின் கீழ்த் திருகையும் அடுத்து மேல் திருகையும் கழற்றி, ஆயிலை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பிடி. புதிய ஆயிலைக் கீழ்த் துளை வழியாக ஏற்றி, மேல் துளையில் வழிந்ததும் மேல் திருகை முதலில் மூடு. வடித்த ஆயில் கறுப்பாக இருந்தால் கவலையில்லை. பால் கலந்த காபியைப்போல வெளுத்திருந்தால் சீல் போய்விட்டது என்று பொருள். படகைத் தண்ணீரில் இறக்காமல் கிண்ணத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்பு. எத்தனை மணியானாலும் விழித்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா