சின்னம்மாவிடம் எலிகளைப் பற்றிப் பேசாதே

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. சின்னம்மாவின் வாய்ப் புற்றுநோய்க்குத் தெல்லிப்பழையில் கதிர்ச் சிகிச்சை தொடங்கிவிட்டது. வார நாட்களில் தினமும் கூட்டிப்போகிறோம்; இடையில் சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தும் ஏற்றுகிறார்கள். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து பணம் சேர்த்தார்களே, அந்தப் புற்றுநோய் வைத்தியசாலைதான். அது இல்லாவிட்டால் இந்த உடம்போடு மகரகமைக்கு அலைந்திருப்போம். வாயெல்லாம் புண். உறைப்பில்லாத கஞ்சி மட்டுமே இறங்குகிறது. புகையிலை இல்லாமல் வெற்றிலை போடாதவர், இப்போது தட்டத்தைக் கண்டாலே முகத்தைத் திருப்புகிறார்.

போன கிழமை நீ தொலைபேசியில் உங்கள் ஆய்வுகூட எலிகளின் கதை சொன்னாய். கதிர்வீச்சோடு டி.என்.எஃப். (கட்டி நசிவுக் காரணி) என்ற புரதத்தையும் கொடுத்தபோது கட்டி சுருங்கியது என்றாய். அன்றிலிருந்து "அந்த ஊசி எப்போது இங்கே வரும்" என்பதுதான் சின்னம்மாவின் பேச்சு. எனக்குக் கோபம்தான். ஆனாலும் பழைய உயிரியல் ரீச்சர் அல்லவா, தேடி வாசித்தேன்.

கதிர் பட்டு டி.என்.ஏ. உடையும்போது அதன் துண்டுகள் கலத்தின் கருவை விட்டு, அதைச் சூழ்ந்த குழியவுருவுக்குள் கசிகின்றன. கலம் அதை வைரஸ் புகுந்ததாக எடுத்துக்கொண்டு இன்டர்பெரோன் என்ற எச்சரிக்கைப் புரதத்தைச் சுரக்கிறது. 1957இல் வைரஸ் ஆராய்ச்சியில் கண்டுபிடித்த அதே இன்டர்பெரோன்! நான் படிப்பித்த காலத்தில் கதிர் கலத்தைக் கொல்லும் என்பதோடு பாடம் முடிந்துவிடும். அது நோயை எதிர்க்கும் நிர்ப்பீடனத் தொகுதிக்கு ஆளனுப்பும் என்று எந்தப் புத்தகத்திலும் இருக்கவில்லை. கதிர் படாத இடத்துக் கட்டியும் அபூர்வமாகச் சுருங்கும் விந்தைக்கு 1953இலேயே மோல் என்ற ஆய்வாளர் பெயர் வைத்துவிட்டாராம். காரணம் பிறகுதான் துலங்கியிருக்கிறது.

ஆனால் உன் டி.என்.எஃப்.? 1975இல் அதைப் பற்றி எழுதியபோது எல்லோருக்கும் பெரிய நம்பிக்கை. மனிதரின் இரத்தத்தில் ஏற்றிப் பார்த்தால் காய்ச்சல், நடுக்கம், இரத்த அழுத்தம் விழுந்து அதிர்ச்சி நிலை. கடைசியில் கை அல்லது காலின் இரத்த ஓட்டத்தை உடம்பிலிருந்து பிரித்து, அந்த உறுப்புக்குள் மட்டும் செலுத்தும் சிகிச்சையில்தான் அதற்கு இடம் கிடைத்தது. வாயை அப்படிப் பிரித்து வைக்க முடியுமா, பிள்ளை?

இன்னொன்றும் உறுத்துகிறது. அந்த அழைப்புக்கு வந்து கட்டியைத் தாக்க வேண்டியவை நிணநீர்க்கலங்கள்; அவற்றைப் போல இலகுவாகக் கதிருக்குச் சாகும் கலங்கள் வேறு அதிகம் இல்லை. வீட்டுக்காரர் பந்திக்கு அழைத்துவிட்டுப் படலையில் நாயை அவிழ்த்துவிட்ட மாதிரி, கூப்பிட்டு வந்தவர்களையே அடுத்த நாள் கதிர் கொன்றுவிடாதா? புரதத்தைக் கதிருக்கு முன்னால் கொடுக்கிறீர்களா, பின்னால் கொடுக்கிறீர்களா? எத்தனை மணித்தியால இடைவெளி? அந்தக் கலங்கள் கூடியிருக்கும் கழுத்து நிணநீர்க்கணுக்கள் மீது கதிர் படாமல் விட்டுப் பார்த்தீர்களா? இதற்கு விபரமாகப் பதில் எழுது.

சின்னம்மாவை அழைத்தால் வாய்ப்புண் எப்படி, கஞ்சி இறங்குகிறதா என்று கேள். ஊசிக் கதையை நீயாக எடுக்காதே. அவர் கேட்டால், எலியில்தான் பார்த்தோம், உங்கள் சிகிச்சையை ஒரு நாளும் தவற விடாதீர்கள் என்று நீயே சொல். நான் சொன்னால் நம்பமாட்டார்.

அன்புடன்,
அம்மா