லாக்-மெகான்டிக் முன்னாள் மேயரம்மாவுக்கு ஒரு கடிதம்

மதிப்புக்குரிய கொலெட் ருவா-லரோஷ் அம்மாவுக்கு,

வணக்கம். கல்வித் துறையில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, 2002ல் லாக்-மெகான்டிக் மேயராக வந்தீர்கள். கனடாவின் கியூபெக் மாகாணத்தில், ஏரிக்கரையில் சுமார் ஆறாயிரம் பேர் வாழும் ஊர். அந்த அளவு ஊரில் மேயர் என்றால் குடிநீர், சாலை, பனி அள்ளுவது, பட்ஜெட், வரி. பதினொரு வருடம் இதையெல்லாம் பார்த்த பிறகு அந்த ராத்திரி வந்தது.

2013 ஜூலை 6. மேட்டிலிருக்கும் நான்ட் என்ற ஊரில் ஆளில்லாமல் நிறுத்தி வைத்திருந்த சரக்கு ரயில், கை பிரேக்குகள் போதாமல், 72 டாங்கர் கச்சா எண்ணெயோடு தானாக உருண்டு வந்து உங்கள் ஊர் நடுவே கவிழ்ந்து எரிந்தது. மூசி-கஃபே என்ற மதுக்கூடத்தில் வெள்ளிக்கிழமை இரவைக் கொண்டாடிக்கொண்டிருந்தவர்கள் உட்பட 47 பேர் போய்விட்டார்கள். அவ்வளவு சின்ன ஊரில், இறந்தவரைத் தெரியாத வீடு ஒன்றாவது இருந்திருக்குமா?

என்னை இன்றும் உறுத்துவது வேறு ஒன்று. அந்தத் தண்டவாளத்தின் மேல் உங்களுக்கு ஒரு அதிகாரமும் இருக்கவில்லை. ரயில்வே ஒட்டாவாவில் இருக்கும் மத்திய அரசின் கையில். எந்த டாங்கரில் என்ன போகிறது என்று நகராட்சிக்குச் சொல்லவேண்டிய கட்டாயம்கூட அன்று இல்லை. விபத்து நடந்த பிறகு, அந்த நவம்பரில்தான் ரயில் நிறுவனங்கள் அபாயகரமான சரக்கு விவரத்தை ஊர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அதுவும் கடந்து போன சரக்கின் தொகுப்புக் கணக்கு.

அதிகாரம் இல்லாத இடத்தில் பொறுப்பு முழுவதும் உங்கள் தலையில் விழுந்தது. ரயில் நிறுவனம் துப்புரவு ஒப்பந்தக்காரர்களுக்குப் பணம் கொடுக்காதபோது, சுமார் 40 லட்சம் டாலரை நகராட்சி கொடுத்தது. அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்டு வக்கீல் நோட்டீசும் அனுப்பினீர்கள். ஆறாயிரம் பேர் கட்டும் வரியில் ஓடும் நகராட்சிக்கு அது எவ்வளவு பெரிய தொகை! பத்திரிகைக்காரர்கள் உங்களைக் ‘கருங்கல் பெண்மணி’ என்றார்கள். உங்கள் வட்டாரத்தின் பெயரே ‘கிரானிட்’, அதாவது கருங்கல், என்பதால் அது பொருந்தியும் போனது. எனக்கென்னவோ அந்த நோட்டீசை அனுப்பிய மேயரைத்தான் அதிகம் பிடிக்கிறது.

டிசம்பரில் ரயில் திரும்ப ஓடத் தொடங்கியது. ஊரை அழித்த அதே பாதை, ஆனால் ஊரிலிருக்கும் மரத்துகள் பலகைத் தொழிற்சாலைக்கு அது வேண்டும், அங்கே வேலை செய்பவர்களும் உங்கள் ஊர்க்காரர்கள்தான். அந்த இக்கட்டை வெளியிலிருந்து யார் தீர்ப்பு சொல்ல முடியும்?

அந்த நவம்பரில் வரவேண்டிய தேர்தலை கியூபெக் அரசு 2015க்குத் தள்ளியது. அதுவரை இருந்து, எண்ணெய் ஊறிய மண்ணை அள்ளி, நின்ற கட்டிடங்களையும் இடித்து, புதிய நகர மையத்துக்குத் திட்டம் போடும் வேலையை நடத்திவிட்டு, மறுபடி போட்டியிடாமல் விலகினீர்கள்.

ஊரைச் சுற்றிப் போகும் புறவழி ரயில் பாதைக்கு 2018ல் கனடா, கியூபெக் அரசுகள் இரண்டும் பணம் அறிவித்தன. விபத்து நடந்து பத்து வருடம் ஆனபோதும் பழைய பாதையில்தான் ரயில் போய்க்கொண்டிருந்தது. புதிய பாதையில் முதல் ரயில் போகும் நாளில் நீங்கள் அங்கே நின்று பார்க்க வேண்டும் அம்மா. அதற்காகவே இதை எழுதினேன்.

அன்புடன்,
ஒரு வாசகி