பாதுகாப்பை மேல் பிளானுக்குள் பூட்டி வைக்காதீர்கள்

மின்னஞ்சல், கோப்புச் சேமிப்பு, விரிதாள், வீடியோ கூட்டம் எல்லாவற்றையும் ஒரே சந்தாவில் கிளவுட் வழியாக விற்கும் மென்பொருள் நிறுவனங்களுக்கு,

வணக்கம். சிறு தொழில் செய்பவர்களுக்கு உங்கள் மென்பொருளை அமைத்துக் கொடுப்பது என் வேலை. பிறகு ஏதாவது ஆகிவிட்டால் முதல் ஃபோன் வருவதும் எனக்குத்தான். நான் கேட்க வந்தது ஒன்றுதான். சந்தா கட்டி உள்ளே நுழைந்த முதல் நாளே, யாரும் எதையும் தொடாமலே, கணக்கு பாதுகாப்பான நிலையில் இருக்க வேண்டும். அதற்குத் தேவையான எதுவும் எந்த விலைப் பிளானிலும் விடுபடக் கூடாது.

ஏன் என்று சொல்கிறேன். உங்கள் அட்மின் பக்கத்தை, அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஐடி ஆள் இருப்பார் என்று நினைத்து வடிவமைத்திருக்கிறீர்கள். ஐந்து பேரோ பத்துப் பேரோ வேலை பார்க்கும் இடத்தில் அப்படி ஒருவர் கிடையாது. முதல் மாதப் பணத்தை யார் கட்டினாரோ அவர்தான் அட்மின். அதே கணக்கில்தான் அவர் தினமும் மெயிலும் பார்க்கிறார். அத்தனை அமைப்புகள் உள்ள அந்தப் பக்கத்துக்கு அவர் போவது, புதிதாகச் சேர்ந்தவருக்கு மெயில் ஐடி போடவும், யாராவது பாஸ்வேர்டை மறந்துவிட்டால் மாற்றிக் கொடுக்கவும்தான். "தேவைப்பட்டால் இயக்கிக்கொள்ளலாம்" என்று நீங்கள் உள்ளே வைத்திருக்கும் பாதுகாப்பு வசதி, அவரைப் பொறுத்தவரை இல்லாத வசதி.

இதனால் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். கணக்கு எழுதுபவருக்கு "உங்களுடன் ஒரு கோப்பு பகிரப்பட்டுள்ளது" என்று மெயில் வருகிறது. அனுப்பியவர் தெரிந்த வாடிக்கையாளர்தான். அவர் கணக்கு ஏற்கெனவே பறிபோயிருக்கிறது. லிங்கைத் தட்டினால் உங்கள் உள்நுழைவுப் பக்கம் அச்சு அசலாக வருகிறது. நடுவில் ஒரு சர்வர் இருந்துகொண்டு, உங்கள் பக்கத்தை வாங்கி இவருக்குக் காட்டுகிறது. இவர் தட்டுவதை வாங்கி உங்களுக்கு அனுப்புகிறது. பாஸ்வேர்டு போகிறது. ஃபோனுக்கு வந்த ஓடிபியும் போகிறது. கடைசியில் "இவர் உள்ளே வந்துவிட்டார்" என்பதற்கு அடையாளமாக நீங்கள் பிரவுசருக்குத் தரும் குக்கீயை நடுவில் இருப்பவன் எடுத்து வைத்துக்கொள்கிறான். இனி அவனுக்குப் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். இதே முறையில் 2021 செப்டம்பரிலிருந்து 10,000-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் குறிவைக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட்டே 2022 ஜூலையில் எழுதியது.

உள்ளே வந்தவன் உடனே எதையும் செய்வதில்லை. பழைய மெயில்களை உட்கார்ந்து படிக்கிறான். யாருக்கு எப்போது இன்வாய்ஸ் போகிறது, எவ்வளவு தொகை, எப்படி விளித்து எழுதுகிறார்கள், எல்லாம் அவனுக்கு அத்துப்படி ஆகிறது. பிறகு மெயிலில் ஒரு ரூல் போடுகிறான். அந்த ரூலின் பெயர் வெறும் ஒரு புள்ளி. குறிப்பிட்ட வாடிக்கையாளரிடமிருந்து வரும் மெயில்கள் எல்லாம் படித்ததாகக் குறிக்கப்பட்டு, யாருமே திறந்து பார்க்காத ஆர்எஸ்எஸ் ஃபோல்டருக்குப் போய்விட வேண்டும் என்பது ரூல். அப்புறம்தான், ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் மெயில் தொடரிலேயே பதில் போடுகிறான்: எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்த இன்வாய்ஸுக்கான தொகையைப் புதிய கணக்குக்கு அனுப்பவும். அந்த மெயில் உண்மையான முகவரியிலிருந்து, உண்மையான சர்வர் வழியாகப் போகிறது. போலி முகவரியைப் பிடிக்கும் சோதனை எல்லாவற்றிலும் தேறிவிடும். வாடிக்கையாளருக்குச் சந்தேகம் வந்து "இது சரிதானா?" என்று மெயிலில் கேட்டால், அந்தக் கேள்வியும் ஆர்எஸ்எஸ் ஃபோல்டருக்குத்தான் போகும். "ஆமாம், சரிதான்" என்று பதில் போடுவதும் அவனே.

அமெரிக்காவின் எஃப்பிஐ-க்கு 2023-இல் இந்த வகை மெயில் மோசடி பற்றி வந்த புகார்களில் மட்டும் இழப்பு சுமார் 290 கோடி டாலர். பெரிய நிறுவனம் ஒன்று இதைத் தாங்கிவிடும். பத்துப் பேர் உள்ள இடத்தில் தவறான கணக்குக்குப் போன ஒரே ஓர் இன்வாய்ஸ், அந்த மாதச் சம்பளமாகவே இருக்கும்.

என் ஆதங்கம் எங்கே என்றால், இதில் ஒவ்வொரு படியையும் தடுக்கும் கருவி உங்கள் கையிலேயே இருக்கிறது. பாஸ்வேர்டுக்குப் பதிலாக, ஃபோனிலோ கணினியிலோ இருக்கும் ரகசியச் சாவியால் உள்நுழையும் பாஸ்கீயை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த இணைய முகவரிக்காக அது உருவாக்கப்பட்டதோ அங்கே மட்டும்தான் வேலை செய்யும். நடுவில் நிற்கும் பொய் முகவரியில், ஊழியர் ஏமாந்தாலும் பாஸ்கீ ஏமாறாது. அதே தத்துவத்தில் இயங்கும், கையில் வைத்துக்கொள்ளும் சிறு கருவிகளான பாதுகாப்புச் சாவிகளைக் கூகுள் 2017-இன் தொடக்கத்தில் தன் ஊழியர்களுக்குக் கட்டாயமாக்கியது. 85,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களில் ஒருவருடைய வேலைக் கணக்குகூட அதன்பின் இப்படிப் போலிப் பக்கம் காட்டி ஏமாற்றும் ஃபிஷிங்கில் பறிபோகவில்லை என்று 2018-இல் சொன்னது. வழக்கமில்லாத இடத்திலிருந்து நுழைவு, பத்து நிமிடத்தில் புள்ளியைப் பெயராகக் கொண்ட ஒரு ரூல்: இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் போதும், அந்த ரூலை நிறுத்தி வைத்துவிட்டு உரிமையாளரின் ஃபோனுக்கு ஒரு எச்சரிக்கை அனுப்ப உங்களால் முடியும். அது எல்லாப் பிளானிலும் நடக்க வேண்டும்.

வாடிக்கையாளர்களுக்கு இது தொந்தரவாக இருக்கும், விட்டுப் போய்விடுவார்கள் என்று நீங்கள் தயங்குவது தெரியும். ஆனால் நீங்களே செய்து காட்டியதைப் பாருங்கள். 2021-இல் கூகுள் யாரையும் கேட்காமலே 15 கோடி பேருக்கு, பாஸ்வேர்டோடு இன்னொரு சான்றும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பை இயக்கியது. அந்தக் கணக்குகளில் பறிபோவது பாதியாகக் குறைந்ததாகப் பிறகு அறிவித்தது. 2019 அக்டோபருக்குப் பிறகு தொடங்கப்படும் நிறுவனக் கணக்குகளுக்கு மைக்ரோசாஃப்ட் அடிப்படைப் பாதுகாப்பை முதலிலேயே இயக்கி வைத்துத் தரத் தொடங்கியது. வெறும் பாஸ்வேர்டை மட்டும் கேட்கும் பழைய உள்நுழைவு முறையை 2022 அக்டோபரிலிருந்து மூடியது. இணையத்திலிருந்து வந்த கோப்புகளில் மேக்ரோ, அதாவது கோப்புக்குள் இருக்கும் சிறு நிரல், ஓடுவதையும் அதே ஆண்டு தடுத்தது. இதற்கெல்லாம் எந்தச் சிறு தொழில்காரரும் பயிற்சி வகுப்புக்குப் போகவில்லை, கையேடு படிக்கவில்லை. கொடுக்கும்போதே எப்படிக் கொடுப்பது என்பதை நீங்கள் மாற்றினீர்கள், அவ்வளவுதான். கூட்டம் கூட்டமாக யாரும் விட்டுப் போகவும் இல்லை.

அடுத்து, செயல்பாட்டுப் பதிவுகள். கணக்கில் யார், எப்போது, எங்கிருந்து நுழைந்து எந்த மெயிலைத் திறந்தார்கள் என்ற லாக். 2023-இல், உள்நுழைவு அனுமதிகளுக்கு முத்திரை போடும் மைக்ரோசாஃப்ட்டின் கையெழுத்துச் சாவி ஒன்றைக் கைப்பற்றிய ஊடுருவல் குழு, அதைக் கொண்டு அனுமதிச் சீட்டுகளைப் போலியாக உருவாக்கி அரசு மெயில்களைப் படித்தது. முதலில் கண்டுபிடித்தது அமெரிக்க வெளியுறவுத் துறை. எப்படிக் கண்டுபிடித்தார்கள்? எந்தெந்த மெயில் திறக்கப்பட்டது என்று காட்டும் விரிவான லாக், அவர்கள் காசு கட்டி வாங்கியிருந்த மேல் பிளானில் இருந்தது. கீழ்ப் பிளானில் இருந்தவர்களுக்கு அந்த லாக்கே கிடையாது. எதிர்ப்பு எழுந்த பிறகு, அதே ஆண்டு ஜூலையில், அந்த லாக்குகளைக் கூடுதல் கட்டணமில்லாமல் தருவதாகவும், சாதாரணப் பிளானில் 90 நாள் வைத்திருந்ததை 180 நாளாக்குவதாகவும் அந்நிறுவனம் அறிவித்தது. இந்த ஊடுருவல் தடுத்திருக்கக் கூடியது என்று அமெரிக்க அரசின் ஆய்வுக் குழு 2024 ஏப்ரலில் தன் அறிக்கையில் தீர்ப்பே எழுதியது.

ஒரு நாட்டின் வெளியுறவுத் துறைக்கே லாக் இருந்ததால்தான் விஷயம் தெரிய வந்தது. அப்படியிருக்க, கணக்குப் பறிபோன சிறு தொழில்காரர் "எதையெல்லாம் படித்தான், எந்த வாடிக்கையாளரை நான் எச்சரிக்க வேண்டும்?" என்று கேட்கும்போது, "உங்கள் பிளானில் அது தெரியாது" என்று நான் எப்படிச் சொல்வேன்? லாக்கை ஒரு விற்பனைப் பொருளாக வைக்காதீர்கள். எல்லா நிறுவனங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இன்னொரு சிக்கல், பாதுகாப்பை ஒரே பெரிய பொத்தானாக வைப்பது. சில நிறுவனங்களின் கீழ்ப் பிளானில் மொத்தமாக இயக்கலாம் அல்லது மொத்தமாக அணைக்கலாம். நடுவில் எதுவும் கிடையாது. இந்த ஆளுக்கு இப்படி, அந்தக் கருவிக்கு அப்படி என்று நிபந்தனை போடும் வசதி மேல் பிளானில் இருக்கிறது. ஓரிடத்தில் நான் பார்த்தது: மூலையில் பழைய ஸ்கேனர் பிரிண்டர் ஒன்று. ஸ்கேன் செய்ததை அதுவே மெயிலில் அனுப்பும். பாதுகாப்புப் பொத்தானை இயக்கியதும் அதன் மெயில் நின்றுவிட்டது. காலையிலிருந்து வவுச்சர் ஸ்கேன் ஆகவில்லை, ஆட்கள் காத்திருக்கிறார்கள். சரி, இப்போதைக்கு அணைத்து வைப்போம் என்று அணைத்துவிட்டார்கள். அந்த ஒரு ஸ்கேனருக்காக அலுவலகம் முழுவதும் இருபடிச் சரிபார்ப்பு இல்லாமல் மாதக்கணக்கில் ஓடியது. ஸ்கேனருக்கு மட்டும் விலக்கு கொடுக்க அவர்களிடம் வழி இருந்திருந்தால் இது நடந்திருக்காது. அந்த வழி ஒரு ஆடம்பர வசதியா?

வெளி ஆப்களுக்குக் கொடுக்கும் அனுமதி பற்றியும் சொல்ல வேண்டும். 2017 மே மாதம் "கூகுள் டாக்ஸ்" என்றே பெயர் வைத்துக்கொண்ட ஒரு போலி ஆப், மெயிலைப் படிக்க அனுமதி கேட்டு, கொடுத்தவர்களின் தொடர்புகளுக்கெல்லாம் தானே பரவியது. கூகுள் சுமார் ஒரு மணி நேரத்தில் அதை நிறுத்தியது; வேகம் பாராட்டத்தக்கது. ஆனால் பாஸ்வேர்டை மாற்றினாலும் ஆப்புக்குக் கொடுத்த அனுமதி அப்படியே இருக்கக்கூடும் என்பது இன்றும் பலருக்குத் தெரியாது. சரிபார்க்கப்படாத ஆப் எதுவாக இருந்தாலும், அட்மின் ஒப்புதல் இல்லாமல் நிறுவன மெயிலைத் தொடக் கூடாது என்பதை ஆரம்ப நிலையாக்குங்கள். "லிங்க் இருக்கும் யாரும் பார்க்கலாம்" என்ற பகிர்வுக்கும் தானாகவே ஒரு காலாவதித் தேதி வேண்டும்.

அழிந்த கோப்புகளைப் பற்றியும் தெளிவாகப் பேசுங்கள். கிளவுடில் இருந்தாலே பேக்அப் இருக்கிறது என்று மக்கள் நம்புகிறார்கள். கூகுள் டிரைவில் குப்பைக்குப் போனது 30 நாளில் போய்விடும், அதன்பின் அட்மினால் மீட்க முடிவது 25 நாள்தான். மைக்ரோசாஃப்ட்டின் கோப்புச் சேமிப்பான ஷேர்பாயின்ட்டில் மொத்தம் 93 நாள். கோபத்தோடு வேலையை விட்டுப் போனவர் அழித்த ஃபோல்டரை, கணக்கு முடிக்கும்போதுதான் தேடுவார்கள். இந்த நாள் கணக்கை உதவிப் பக்கத்தின் அடியில் புதைக்காமல், அழிக்கும் இடத்திலேயே பெரிதாகக் காட்டுங்கள்.

எங்கள் பக்கத்திலும் வேலை இருக்கிறது, அதை மறுக்கவில்லை. அட்மின் கணக்கைத் தினசரி மெயிலிலிருந்து பிரித்து வைக்க வேண்டும். ஒரு ஃபோன் தொலைந்தால் எல்லாம் பூட்டிக்கொள்ளாதபடி இரண்டாவது அட்மின் வேண்டும். வேலையை விட்டுப் போனவர் கணக்கை அன்றைக்கே மூட வேண்டும். வங்கிக் கணக்கு மாறியதாக மெயில் வந்தால், ஏற்கெனவே நம்மிடம் உள்ள எண்ணில் கூப்பிட்டுக் கேட்காமல் பணம் அனுப்பக் கூடாது. இவற்றை நான் போகும் இடமெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆனால் ஒன்று எங்களால் முடியவே முடியாது. அட்மின் கணக்கே பறிபோய், உள்ளே வந்தவன் தன் ஃபோனைச் சேர்த்துவிட்டு உரிமையாளரை வெளியே தள்ளிவிட்டால், உதவி கேட்பதற்கும் அதே கணக்கில் உள்நுழையச் சொல்கிறீர்கள். சாட்பாட் ஒரே நான்கு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறது. டிக்கெட் எண் வருகிறது, நாள்கள் போகின்றன. அதற்குள் அவன் வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் எழுதி முடித்துவிடுகிறான். டொமைன், அதாவது நிறுவனத்தின் இணையப் பெயர், தன்னுடையதுதான் என்பதை அந்தப் பெயருக்கான பதிவேட்டில் (டிஎன்எஸ்) பதிவு ஒன்றைப் போட்டு உரிமையாளரால் நிரூபிக்க முடியும். அப்படி நிரூபித்தவர் பேச, உள்நுழையாமலே கூப்பிடக்கூடிய ஓர் எண்ணும், மறுமுனையில் ஒரு மனிதரும் வேண்டும். விசாரணை முடியும்வரை கணக்கிலிருந்து ஒரு மெயில்கூட வெளியே போகாதபடி நிறுத்தி வைக்கும் அதிகாரம் அந்த மனிதருக்கு இருக்க வேண்டும். மிகக் குறைந்த விலைப் பிளானில் இருப்பவருக்கும் அந்த எண் கிடைக்க வேண்டும். அதை எப்போதிலிருந்து தருவீர்கள் என்று வெளிப்படையாக அறிவியுங்கள்.

இப்படிக்கு,
சிறு தொழில்களின் கணக்குகளைப் பராமரிக்கும் ஒருவன்