ஏறினால் இறங்கவும் வேண்டும்

திருகோணமலை

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்ததென்று வாசித்ததும் நிம்மதி. படி ஏறுவதில் மட்டும் அவசரப்படாதே. இங்கே எல்லாரும் சுகம். கச்சான் காற்று தொடங்கிவிட்டது, பின்னேரம் வரை வெளியில் தலைகாட்ட முடியாது. உப்புவெளிப் பக்கம் வெள்ளைக்காரர் நிறைந்துவிட்டார்கள். ஆட்டோக்காரர் நம்மை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

பென்ஷன் எடுத்துவிட்டுச் சும்மா இருக்கிறாயா என்று கேட்டிருந்தாய். எங்கே விடுகிறார்கள்? வெளிநாட்டில் படிக்கப் போகும் பிள்ளைகள் ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலப் பரீட்சை எழுத வேண்டுமென்று விறாந்தையில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அதிலே ஒரு வரைபடத்தைக் கொடுத்து, குறைந்தது 150 சொற்களில் விவரிக்கச் சொல்வார்கள். கோடு கொஞ்சம் வளைந்தால் போதும், எல்லாரும் ஒரே சொல்லைத்தான் தூக்கி வைக்கிறார்கள்: ஃபிளக்சுவேட் (fluctuate), ஏறி இறங்குவது. அதைப் போட்டால் புள்ளி கூடும் என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள்.

ஒரு பிள்ளை எழுதுகிறான், 2022 இல் இலங்கை ரூபா ஃபிளக்சுவேட் ஆனதாம். நீயே சொல், அந்த வருஷம் நடந்தது அதுவா? தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா சொச்சம், மே மாதம் 360 ஐத் தொட்டது. ரூபா விழுந்தது. ஃபோல் (fall) என்ற சின்னச் சொல்லே போதும். ஃபிளக்சுவேட் வர வேண்டுமென்றால் ஏறவும் வேண்டும், இறங்கவும் வேண்டும், அதுவும் ஒரு தடவையோடு நிற்காமல் ஒழுங்கில்லாமல் மாறி மாறி. 2023 இல் டொலர் இறங்குவதும் ஏறுவதுமாகப் போய் வந்ததே, அதற்குப் போடலாம்.

இதன் வேர் இலத்தீனில் அலையைக் குறிக்கும் சொல். கடற்கரைப் பிள்ளைகளுக்கு அதைச் சொன்னால் போதும் என்று நினைத்தேன். ஆனால் வேலை செய்தது மீன் விலைதான். சூரை விடிய ஒரு விலை, பத்து மணிக்கு ஒரு விலை. வாடைக்காலத்தில் வள்ளங்கள் கரையிலேயே கிடந்தால் விலை கேட்கவே பயம். "ஃபிஷ் ப்ரைசஸ் ஃபிளக்சுவேட் வித் த வெதர்" என்று ஒருத்தி சட்டென்று சொன்னாள். அந்த வித் வந்து உட்கார்ந்த இடம் எனக்கு நன்றாகப் பிடித்தது. எதைப் பார்த்து விலை ஆடுகிறது என்பதை அது காட்டிவிடுகிறது. இரண்டு எல்லைக்குள் ஆடினால் பிட்வீன். அதற்கு என் இரத்தப் பரிசோதனைத் துண்டையே எடுத்துக் காட்டி, "மை ஷுகர் ஃபிளக்சுவேட்ஸ் பிட்வீன் 110 அண்ட் 180" என்று எழுதிப் போட்டேன். உள்ளேயிருந்து மனுசி, "அந்த 180 பலகாரத்தோடு ஏறினது என்றும் எழுதுங்கோ" என்றாள். பிள்ளைகள் சிரித்த சிரிப்பு சந்தி வரை கேட்டிருக்கும்.

இன்னொருவன், வியாபாரி விலையை ஃபிளக்சுவேட் பண்ணுகிறார் என்ற கணக்கில் எழுதியிருந்தான். நாம் எந்த ஆங்கிலச் சொல்லோடும் 'பண்ணு' ஒட்டிப் பழகியவர்கள், அதனால் வந்த குழப்பம் இது. வியாபாரி விலையை ஏற்றலாம், இறக்கலாம். இந்த வினையை வைத்துக்கொண்டு அவரால் ஒன்றும் செய்ய முடியாது. விலைதான் ஃபிளக்சுவேட் ஆகும். இத்தனைக்கும் வோல்டேஜ் ஃபிளக்சுவேட் ஆகுது என்று எல்லார் வீட்டிலும் சரியாகத்தான் சொல்கிறார்கள். பேனாவை எடுத்தால்தான் குழப்பம்.

பெரிய தகராறு கன்னியாவில் வந்தது. உன் அப்பாவின் அந்தியேட்டிக்குப் போனோமே, அந்த வெந்நீர்க் கிணறுகள்தான். ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. ஒன்றில் அள்ளி ஊற்றினால் சுகமாக இருக்கும், அடுத்ததில் அள்ளியதும் நீ "ஐயோ" என்று வாளியைப் போட்டுவிட்டாய். இதையும் பிள்ளைகள் ஃபிளக்சுவேட் என்றே எழுதினார்கள். நான் விடவில்லை. கிணற்றுக்குக் கிணறு சூடு வேறுபடுகிறது, அதற்கு வேரி (vary). தண்ணீர் பாட்டுக்கு இருக்கிறது, நாம்தான் வாளியோடு நடக்கிறோம். ஒரே கிணற்றில் நேற்று ஒரு சூடு, இன்று குறைவு, நாளை மறுபடி கூட என்றால் அப்போது ஃபிளக்சுவேட். ஒரு பெடியன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. தெர்மோமீட்டர் கொண்டுபோய்ப் பார்க்கப் போகிறானாம். போகட்டும்.

என்னைக் கேட்டால் வீட்டுப் பேச்சுக்கு 'கோஸ் அப் அண்ட் டவுன்' தாராளம். ஃபிளக்சுவேட் கொஞ்சம் சப்பாத்துப் போட்ட சொல். ஆனால் நான் படித்தது பழைய ஆங்கிலம், நீ அங்கே அதற்குள்ளேயே இருக்கிறாய். உன் பேரப்பிள்ளைகள் சாப்பாட்டு மேசையில் இதைச் சொல்கிறார்களா என்று கேட்டு எழுது. இவர்களுக்கு ஓகஸ்ட்டில் பரீட்சை, அதற்கு முன்னே பதில் வந்தால் நல்லது.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்